ஓடாத குதிரை

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் அண்ணன் அந்த ரகம் இல்லை. அவன் மூன்று கால் என்றால் அந்த முயலுக்கு நிஜமாகவே மூன்று கால்தான் இருக்கும்; நான்காவது போன இடத்தில் அவனே கட்டுப் போட்டிருப்பான். வெறும் பிடிவாதக்காரனைக்கூடச் சமாளித்துவிடலாம். பிடிவாதமும் பிடித்து, சொல்வது சரியாகவும் இருக்கிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பத்தொன்பது வருஷமாக மூன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். வாயே திறக்காத பிள்ளைகளை எல்லாம் வாசிக்க வைத்திருக்கிறேன். மூன்றே மாதத்தில் என்னைத் தலையில் அடித்துக்கொள்ள வைத்தவன் இவன் ஒருவன்தான்.

அண்ணன் கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஊரில் அவனுக்குக் கட்டுக்காரர் என்று பெயர். ஆடு, மாடு, நாய், கழுதை, கிளி எது வந்தாலும் முதலில் அவன் கைக்குத்தான் வரும். பிடித்து நிறுத்துவான், புண்ணைக் கழுவுவான், கட்டுப் போடுவான், என்ன கண்டான் என்று ஒரு அட்டையில் எழுதி உள்ளே அனுப்புவான். டாக்டரம்மா அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுப்பார். மனிதர்களோடு பேசுவதற்கு அவனுக்குக் காசு கொடுக்க வேண்டும். மாட்டிடம் மணிக்கணக்கில் பேசுவான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டியில் தலைமை அலுவலகம் ஒரு கட்டையைப் போட்டது. இனி அட்டைகள் எல்லாம் அங்கே போகுமாம், அங்கே எல்லாம் இங்கிலீஷாம். ஆகவே சிகிச்சை மேஜையில் நிற்கிறவர்கள் சின்னச் சின்ன வாக்கியமாக இங்கிலீஷில் எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு ஒரு பரீட்சை, எழுபதுக்கு ஐம்பது மார்க் எடுத்தால் பாஸ். எடுக்காதவர்கள் தீவனக் கிடங்குக்கு மாற்றல்.

அன்றைக்கே அண்ணி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் புலம்புகிற ஆள் இல்லை. சமையலறை வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அந்தக் கிடங்குல மூட்டையத் தவிர ஒண்ணும் கிடையாது. உயிருள்ளதுன்னா எலிதான். இவரு அங்க போனா பேச்சே நின்னுடும். நீதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை அங்கேதான் ஆரம்பித்தது.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, கையில் மருந்து வாடையோடு வந்து என் சமையலறை மேஜையில் உட்காருவான். என் வீட்டுக்காரர் அவனைக் கண்டதும் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். நான் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை விரிப்பேன். அதில் எல்லாமே மிருகங்களை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்திருக்கும். அண்ணனுக்கு இதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதலில் பெயர்ச் சொற்கள். கவ், டாக், ஹென், டாங்கி. அதெல்லாம் இரண்டு நாளில் முடிந்தது. அடுத்தது வாக்கியம். யார், என்ன செய்கிறார், எதை. இவ்வளவுதான் விஷயம். இவன் இருபத்தாறு வருஷமாக "ஆடு, பின்னங்கால், சீழ்" என்று எழுதிப் பழகியவன். அவன் எழுதுவதில் வினைச்சொல்லே இருக்காது. ஆடு என்ன செய்தது என்று கேட்டால், சீழ் வைத்த காலோடு அது என்ன செய்யும், சும்மாதான் நிற்கும் என்பான்.

சரி, புத்தகத்தில் இருப்பதைச் சொல்லு என்று ஒரு படத்தைக் காட்டினேன். தி டாக் பார்க்ஸ். நாய் குரைக்கிறது. உலகத்தில் இதைவிடச் சுலபமான வாக்கியம் கிடையாது. அவன் பேனாவை மூடி வைத்துவிட்டான்.

"எந்த நாய்?"

எந்த நாயாக இருந்தால் என்ன, ஏதோ ஒரு நாய் என்றேன்.

"ஏதோ ஒரு நாய்னு ஒண்ணு இல்லையேம்மா. மரக்கடை நாய் தொண்டையில ஆபரேஷன் ஆனதுலேர்ந்து குரைக்கிறதே இல்ல. அதப்போய் குரைக்குதுன்னு எப்படி எழுதறது?"

மரக்கடை நாயை யார் எழுதச் சொன்னது? அன்றைக்கு ஒரு மணி நேரம் கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் பால்காரர் வீட்டு நாய் குரைக்கும் என்று அவனே ஒப்புக்கொண்டு, அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த வாக்கியத்தை எழுதினான்.

இப்படியே ஒவ்வொன்றுக்கும் ஒரு பஞ்சாயத்து. எ கவ் ஹேஸ் ஃபோர் லெக்ஸ் என்றால், போன வருஷம் ரயிலில் அடிபட்ட மாட்டுக்கு மூன்றுதானே என்பான். பூனை பாயில் உட்கார்ந்திருக்கிறது என்றால், அதற்கு உடம்பு சுகமில்லையா, வயிற்று வலி வந்தால்தான் பூனை இப்படி ஒடுங்கி உட்காரும் என்பான். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுகிற இடத்தில் மட்டும் இவன் சமர்த்தாகத் தலையாட்டுவான். ஒரு செம்மறியாடு வந்தாலும் ஷீப், நாற்பது வந்தாலும் ஷீப் என்று சொன்னபோது அவன் முகம் மலர்ந்துவிட்டது. இதை எழுதியவன் ஆடு மேய்த்திருப்பான், அதுகள் என்றைக்கும் தனியாக வந்ததே இல்லை என்றான்.

ஒரு மாதம் போனதும் நான் தோற்றேன். புத்தகத்தை மூடி வைத்தேன். இன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு என்ன வந்தது, அதைச் சொல்லு என்றேன். அவ்வளவுதான், மடை திறந்தது. ஆடு கயிற்றைத் தின்றுவிட்டது. கிளி என் விரலைக் கடித்தது. வண்டிக்காரர் குதிரை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கழுதைக்கு வயதாகியிருந்தது, செத்துவிட்டது. யார், என்ன செய்தார், எதை, எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தது. நடந்தது, நடக்கிறது, நடக்கப்போகிறது என்று மூன்று காலமும் வந்துவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகம் நிரம்பியது. பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் அவனை உட்கார வைத்துப் படித்துப் படித்துச் சொன்னேன். அண்ணா, அங்கே உன் ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் வேண்டாம். படம் கொடுப்பார்கள். குதிரை இருந்தால் ஓடுகிறது என்று எழுது, கோழி இருந்தால் உட்கார்ந்திருக்கிறது என்று எழுது, கையைக் கட்டிக்கொண்டு எழுந்து வா. அவன் தலையாட்டினான். தலையாட்டினதை நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

பரீட்சை முடிந்து சிரித்த முகமாக வீடு திரும்பினான்; நான் அங்கேயே காத்திருந்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் அவன் பல்லைப் பார்த்தேன். குதிரை வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றான். என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"அது ஓடலம்மா. பின்னங்கால் எடதுல அடி. தலையத் தொங்கப் போட்டிருந்துச்சு. ஓடலைன்னு எழுதினேன், எந்தக் கால்னும் எழுதினேன்."

அண்ணி உள்ளேயிருந்து டீயோடு வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரோடு திரும்பிப் போனாள்.

பதினைந்து நாளில் முடிவு வந்தது. நாற்பத்தெட்டு. இரண்டு மார்க்கில் போயிற்று. விடைத்தாளைப் போய்ப் பார்க்கலாம் என்று ஒரு விதி இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன்.

இலக்கணப் பகுதியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஐம்பதுக்கு நாற்பத்தாறு. கவிழ்ந்தது படங்களில். பத்துப் படம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க், அதில் ஒன்றே ஒன்றுதான் சரி. தூங்குகிற பூனையைத் தூங்குகிறது என்று எழுதியிருந்தான், அது நிஜமாகவே தூங்கியிருக்கும் போலிருக்கிறது. மற்றதெல்லாம் வைத்தியம். மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும். கோழிக்கு உடம்பு சரியில்லை. நாய் அந்த ஆளைப் பார்த்துப் பயப்படுகிறது. அத்தனையும் முழு வாக்கியம். எழுவாய், பயனிலை, முற்றுப்புள்ளி, எதிலும் ஒரு குறை இல்லை. பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக எழுதிய மாணவன் எனக்குக் கிடைத்ததில்லை. ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பெருக்கல் குறி. அந்த ஒரு குதிரையை ஓடவிட்டிருந்தால் பாஸ்.

விடைத்தாள் காட்டிய அதிகாரியிடம் சண்டைக்குப் போனேன். இலக்கணத்தில் என்ன தப்பு என்று கேட்டேன். இலக்கணத்தில் தப்பில்லை, படத்துக்கும் வாக்கியத்துக்கும் பொருந்தவில்லை என்றார். நாய் அந்த ஆளோடு விளையாடுகிறது, குதிரை ஓடுகிறது என்றுதான் விடைக்குறிப்பில் இருக்கிறது என்று காட்டினார். நானும் குதிரைப் படத்தைப் பார்த்தேன். எனக்கும் அது ஓடுவது மாதிரிதான் இருந்தது. என்ன வழக்காட முடியும்? விடைத்தாளுக்கு ஒரு நகல் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரமே மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ஒன்றாம் தேதி முதல் கிடங்கு. மனு கொடுக்க மூன்று நாள் அவகாசம். அண்ணன் தன் கத்தரிக்கோலைத் துடைத்து உறையில் போட்டு, புதிதாக வரப்போகிற ஆளுக்கென்று எடுத்து வைத்தான். அதைப் பார்த்த அண்ணி அன்றைக்கு முதல்முதலாக என் முன்னால் கண்ணைத் துடைத்தாள்.

நான் மனு எழுதினேன். இரண்டு பக்கம், இங்கிலீஷில், எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டி எழுதினேன். இருபத்தாறு வருஷ உழைப்பு, மழையிலும் வெயிலிலும் கடமை, இதுநாள் வரை ஒரு தவறுகூட நடந்ததில்லை என்றெல்லாம் வாரி இறைத்திருந்தேன். கையெழுத்துக்காக அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன் வாங்கி, ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தான். என் இங்கிலீஷை அவன் தானாக வாசிக்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

"இது சரியில்ல. தப்பே நடந்ததில்லைன்னு போட்டிருக்க."

ஐயோ அண்ணா, மனுவில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். எல்லோரும் எழுதட்டும் என்றான். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டியைக் கால் முறிந்து கொண்டுவந்தார்களாம். இவன் மூங்கில் பட்டை வைத்துக் கட்டியிருக்கிறான். அந்த மாதிரிக் கட்டை இரண்டாம் நாள் அவிழ்த்துப் பார்த்துத் தளர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் வீக்கத்தில் இறுகி ரத்த ஓட்டம் நின்றுவிடும். அதை மாற்று ஆளிடம் சொல்லிவிட்டுப் போக மறந்துவிட்டான். மூன்று நாள் லீவு. திரும்பி வந்து பார்த்தபோது கால் கறுத்திருந்தது. நான்காம் நாள் கன்று செத்தது.

மூன்று நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உன் கல்யாணத்துக்கும்மா."

சமையலறையில் அண்ணி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. அவளுக்கும் இது தெரியாது. இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கல்யாண போட்டோவில் நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய், அதில் கொண்டுபோய் இதை எதற்குப் போடுவது என்றான். அப்புறம் எந்த மிருகத்தைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்க்கிறானாம்.

நான் ஒன்றும் சொல்லுமுன்னே பேனாவை எடுத்து என் வாக்கியத்தைக் குறுக்கே அடித்தான். கீழே இருந்த இடத்தில் நிதானமாக, இங்கிலீஷில், மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒரு கன்று செத்தது. அது என் தவறு. இரண்டாம் நாள் நான் அங்கே இல்லை.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இதைக் கொடுத்தால் கிடங்குக்குக்கூட அனுப்ப மாட்டார்கள், நேராக வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று கத்தினேன். படத்துக் குதிரையை ஓடுகிறது என்று எழுத உனக்கு என்ன கேடு, அது என்ன உன்னிடம் வைத்தியத்துக்கா வந்தது என்று கேட்டேன். மூன்று மாதமாகத் தொண்டையில் நின்றதெல்லாம் வந்துவிட்டது. அவன் கேட்டு முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"நான் எழுதறத நம்பித்தான் டாக்டரம்மா ஊசி போடறாங்க. ஓடாததை ஓடுதுன்னு ஒரு தடவ எழுதிட்டா, கை பழகிடும்மா."

நான் அவனைப் போல நல்லவள் இல்லை. வீட்டுக்கு வந்து அந்த மூன்று வரி இல்லாமல் சுத்தமாக இன்னொரு மனு தயார் பண்ணினேன். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்து, இது இன்னொரு காப்பி அண்ணா என்று நீட்டினேன். ஒரு கையில் ஆட்டுக்குட்டி இருந்தது. நான் நீட்டியதால் வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். உள்ளே இரண்டு மனு. தலைமை அலுவலகத்தில் என் முறை வர நேரமாகும் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, கை சும்மா இருக்காமல் விடைத்தாள் நகலை எடுத்தேன். அந்தப் பாழாய்ப்போன குதிரையை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை அவன் பார்ப்பது போல முதலில் காலைப் பார்த்தேன். மூன்று குளம்பு தரையில் நன்றாகப் பதிந்திருந்தது. பின்னங்கால், இடது, நுனி மட்டும் பட்டும் படாமலும் இருந்தது. தலை தொங்கியிருந்தது. ஓடுகிற குதிரை மூன்று காலை ஊன்றிக்கொண்டா ஓடும்? எங்கள் பள்ளிப் புத்தகத்திலும் இதே படம்தான் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக எத்தனை பிள்ளைகளை இதைப் பார்த்து ஓடுகிறது என்று ஒரே குரலில் சொல்ல வைத்திருக்கிறேன். ஒரு நாள்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். சுத்தமான மனுவை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, கோடு அடித்ததைக் கொடுத்தேன். வாங்கியவர் இது என்ன அடித்தல் திருத்தலோடு இருக்கிறது என்றார். அது அப்படித்தான் இருக்கும் என்றேன்.

பத்து நாள் அண்ணி முகத்தில் விழிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. பதினோராம் நாள் சாயங்காலம் அண்ணன் ஒரு உறையோடு வந்து அதே மேஜையில் உட்கார்ந்தான். இங்கிலீஷ் கடிதம். நான் கை நீட்டினேன், அவன் கொடுக்கவில்லை. விரலை வைத்துத் தானே வாசித்தான். மார்க் மாற்றப்பட மாட்டாது. மாற்றல் உத்தரவு நிறுத்தி வைக்கப்படுகிறது. ஆறு மாதம் கழித்து மறுபடியும் பரீட்சை எழுத வேண்டும், அதுவரை சிகிச்சை மேஜையிலேயே இருக்கலாம். காரணம் என்று ஒன்றும் எழுதவில்லை. மனுவின் நகலைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். என்னுடைய இரண்டு பக்க வித்தையில் அவர்கள் ஒரு கீறல்கூடப் போடவில்லை. கன்றுக்குட்டி வரிகளின் கீழே மட்டும் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

நான் எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டேன். உன் கையெழுத்தை வாங்கி நான் இப்படி ஒரு காரியம் பண்ணப் பார்த்தேன் என்று அவனிடம் சொல்லியும்விட்டேன். தெரியும் என்றான். காப்பி என்றால் நான் அடித்த கோடு அதில் இருந்திருக்காதா என்று கேட்டான். தெரிந்தும் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்றேன். கேட்டது நீயாச்சே என்றான். இவனை என்னதான் செய்வது?

இன்னும் ஆறு மாதம். மறுபடியும் சாயங்காலம் ஆறு மணி. என் வீட்டுக்காரர் பேப்பரோடு மாடிப்படி ஏறினார். நான் இந்தத் தடவை கண்டிப்பாக இருப்பது என்று முடிவு பண்ணி, புத்தகத்தைத் திறந்து பறவைப் படத்தில் விரலை வைத்தேன். பறக்கிறது என்று எழுது, வேறு ஒரு வார்த்தை எழுதக் கூடாது என்றேன். அவன் பேனாவைத் திறந்தான். படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பேனாவை மூடினான்.

நான் புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் குனிந்து பார்த்தேன். இடது இறக்கை சரியில்லைதான்.